வன்னிப் பெருநிலப்பரப்பில் மாற்றுவலுவுடைய மாணவரின் கல்வியுரிமை: ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலக்கிய மரபு உடற்குறையுடையோரை அறியாத மரபன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் மதுரை மாநகரில் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், கால் வலுவிழந்தோர் ஆகியோருக்கு முதலில் அளித்து, எஞ்சியதையே தான் உண்கிறான். பெரியபுராணம் போற்றும் தண்டியடிகள் பார்வையற்றவராயிருந்தே திருவாரூர்த் திருக்குளத்தை அகழ்ந்து பெருக்க முற்பட்டவர். இரட்டைப்புலவரில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்கவியலாதவர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஈழத்துக்கு வந்து பரராசசேகரன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. இவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்து இருவகை மனப்பாங்கு புலனாகின்றது. உடற்குறையுடையோர் உணவளித்துப் புரக்கப்படவேண்டியோர் என்பது ஒன்று. அவருட் சிலர் அருளாலோ பிறவி மேதைமையாலோ வியக்கப்படவேண்டியோர் என்பது மற்றையது. இரங்கத்தக்கவருக்கும் வியக்கத்தக்கவருக்கும் இடையே, பள்ளிக்கூடத்து வாங்கில் அமர்ந்து கணக்கும் இலக்கணமும் பயிலவேண்டிய சாதாரணப் பிள்ளைகள் பலர் உளர் என்னும் எண்ணம் மிகப் பிந்தியே தோன்றிற்று. அவ்வெண்ணம் வன்னி மண்ணில் எவ்வாறு வேர்கொண்டது, எத்தகைய தடைகளை எதிர்கொண்டது, இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னிப் பெருநிலப்பரப்பு என இங்குக் குறிக்கப்படுவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களையும் அடக்கிய நிலப்பகுதியாகும். இவற்றுள் முல்லைத்தீவு 1978 இலும், கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. ஆங்கிலேய நிருவாகியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைப் படிப்போர், காடும் குளமும் சூழ, குடிகள் அருகிய ஒரு நிலத்தையே அதிற் காண்பர். இரணைமடுக் குளத்தின் பணிகள் 1902 இல் தொடங்கிய பின்னரும், 1930 களிலிருந்து குடியேற்றத் திட்டங்கள் உருவாகிய பின்னருமே இந்நிலத்திற் குடிகள் பெருகினர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலம் தேடி வந்தோரும், 1958, 1977 ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களால் இடம்பெயர்ந்த தெற்குவாழ் தமிழரும் மலையகத் தமிழரும் இங்குக் குடிபுகுந்தனர். ஊர்கள் குளங்களையும் வாய்க்கால்களையும் அண்டிச் சிதறிக் கிடந்தன. பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தன. நல்ல கால்களையுடைய பிள்ளையே மைல்கணக்கில் நடந்து படிக்கவேண்டிய நிலமாக வன்னி இருந்தது. ஆதலின், மாற்றுவலுவுடைய மாணவரின் கல்வி வரலாறு இங்குப் பெருமளவிற்குத் தூரத்தின் வரலாறாகவே அமைந்துவிட்டது எனலாம்.

அத்தூரத்தின் அளவை அறிவதற்கு இலங்கையில் விசேட கல்வி தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் பொருந்தும். பாரிசிற் பார்வையற்றோர் பள்ளியின் மாணவராகவிருந்த லூயி பிரெயில் 1829 இற் புள்ளியெழுத்து முறையை நூலாக வெளிப்படுத்தினார். அம்முறையை அப்பள்ளி முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854 இலேயே; அப்போது பிரெயில் இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. பார்வையற்றோருக்குத் தேவையான எழுத்தை ஒரு பார்வையற்ற மாணவரே ஆக்கினார் என்பதும், அதனைப் பார்வையுடையோர் ஏற்பதற்குக் கால் நூற்றாண்டு சென்றது என்பதும் மனங்கொளத்தக்கன. தமிழுலகில் இவ்வகைக் கல்வியின் முன்னோடி நிலையம் 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் நிறுவிய பார்வையற்றோர் பள்ளியாகும். இலங்கையிலே மேரி சப்மன் என்னும் ஆங்கில மிஷனரி அம்மையாரின் முயற்சியால் 1912 இற் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பாடசாலை தொடங்கப்பெற்றுப் பின்னர் இரத்மலானையில் நிலைகொண்டது. 1951 இல் யுனெஸ்கோவின் துணையோடு இந்திய மொழிகளுக்கெனப் பொதுவான பிரெயில் முறை வகுக்கப்பட்டபோது தமிழும் அதனுள் இடம்பெற்றது.

இரத்மலானையோ கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. 1905 இற் காங்கேசன்துறைவரை நீண்ட வடபுலப் புகையிரதப் பாதை இத்தூரத்தைக் கடப்பதற்கு ஒரு வழியைத் திறந்ததாயினும், வன்னியின் வேளாண் குடும்பம் ஒன்று தன் பார்வையற்ற பிள்ளையைக் கொழும்புக்கு அருகில் விடுதியிற் சேர்ப்பது எளிதன்று. பிறமொழிச் சூழலும், பிரிவுத் துயரும், போக்குவரத்துச் செலவும் தடுத்தன. 1945 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கட்டணம் என்னும் தடையை அகற்றியது. ஆயின், கட்டணமில்லாப் பாடசாலைக்குள் நுழைவதற்கு வாயிலே இல்லாத பிள்ளைகளின் நிலை அதனால் மாறவில்லை.

இரத்மலானையிற் பயின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கைதடியில் நவீல்ட் பாடசாலை அமைந்தமை இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பமாகும். நாட்டின் அரசகரும மொழி பற்றிய பெரும் பிளவு நிகழ்ந்த ஆண்டும் அதுவே. முந்நூறு கிலோமீற்றராக இருந்த தூரம் கிளிநொச்சிப் பிள்ளைக்கு அறுபது கிலோமீற்றரளவிற் சுருங்கியது. நாவற்குழிப் புகையிரத நிலையத்திலிருந்து கைதடி அண்மையிலேயே உள்ளது. எனினும், கைதடியும் விடுதிப் பாடசாலையே. பள்ளிக்குச் செல்வதென்றால் வீட்டையும் ஊரையும் விட்டுச் செல்வது என்பதே மாற்றுவலுவுடைய பிள்ளையின் விதியாகத் தொடர்ந்தது. அதனிலும் முக்கியமாக, அப்பாடசாலை பார்வைக் குறைபாடும் செவிப்புலக் குறைபாடும் உடையோருக்காக அமைந்தது. இளம்பிள்ளைவாதத்தாற் கால் சூம்பிய பிள்ளைக்கோ, மூளை முடக்குவாதமுடைய பிள்ளைக்கோ, அறிவாற்றல் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ கைதடியிலும் இடமில்லை. ஊர்ப் பாடசாலையிலும் இடமில்லை. இத்தகையோர் திண்ணையிலும் முற்றத்திலும் காலங்கழித்தனர். அவர்தம் பெயர்கள் எந்த வரவுப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏடுகளில் இல்லாதோரின் வரலாற்றை எழுதுவது கடினம் என்பதே அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஒரு சான்றாகும்.

1960 களின் பிற்பகுதியிலிருந்து உலகளாவிய சிந்தனையில் ஒரு மாற்றம் தோன்றலாயிற்று. குறைபாடு பிள்ளையிடத்தே மட்டும் உள்ளதன்று. படிகளால் மட்டுமே ஏறக்கூடிய கட்டடத்திலும், கரும்பலகையை மட்டுமே நம்பிய கற்பித்தலிலும் அது உள்ளது என்னும் கருத்து வலுப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1975 இல் இயற்றப்பட்ட சட்டம் இப்பிள்ளைகள் யாவருக்கும் பொதுக்கல்வியை உறுதிசெய்தது. ஏற்கெனவே 1973 இல் இயற்றப்பட்டிருந்த பாகுபாட்டுத் தடைச் சட்டப் பிரிவை நடைமுறைப்படுத்துமாறு கோரி, 1977 ஏப்பிரலிற் சான்பிரான்சிஸ்கோ நகரிற் சக்கர நாற்காலிகளில் வந்தோரும் பார்வையற்றோரும் பிறருமாக ஓர் அரசாங்கக் கட்டடத்தினுள் மூன்று வாரங்களுக்கு மேலாகத் தங்கியிருந்து போராடினர். பிரித்தானியாவில் 1978 இல் வெளிவந்த வார்னொக் அறிக்கை விசேட தேவைகள் பற்றிய சொல்வழக்கையே மாற்றியமைத்தது. 1981 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் தாபனம் ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. இலங்கையின் கல்வி அமைச்சும் இக்காலகட்டத்தில் மாற்றுவலுவுடைய பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளுடன் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் விசேட கல்வி அலகுகள் பாடசாலைகளில் உருவாகின. முறையாக வளர்ந்திருப்பின் இத்திட்டம் வன்னியின் தூரச் சிக்கலுக்குத் தக்கதொரு விடையாக அமைந்திருக்கும். பிள்ளையை நெடுந்தொலைவுக்கு அனுப்பாது, ஆசிரியரைப் பிள்ளையிடம் அனுப்புவதே அதன் அடிப்படையாகும். ஆயின் அதற்குரிய அமைதிக்காலம் வன்னிக்கு வாய்க்கவில்லை.

1983 இற்குப் பின்னர் விரிவடைந்த போர், சுருங்கியிருந்த தூரத்தை மீண்டும் பெருக்கியது. 1990 இல் வடக்கிற்கான புகையிரத சேவை நின்றது. ஆனையிறவு வழி மூடப்பட்டபின் குடாநாட்டுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையே மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளங்களிற் கடந்தனர். அக்கடப்பில் உயிரிழந்தோர் பலர். உடல் நலமுடையோருக்கே உயிர்ப்பயணமாயிருந்த அவ்வழியிற் பார்வையற்ற பிள்ளையொன்றைக் கைதடி விடுதிக்கு அனுப்பும் துணிவு எந்தப் பெற்றோருக்கு வரும்? 1995 ஒக்டோபரிற் குடாநாட்டு வலிகாமத்திலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறியபோது அவர்களில் மிகப்பலர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். மரநிழல்களிலும் ஓலைக் கொட்டில்களிலும் பாடசாலைகள் நடைபெற்றன. 1996 செப்டெம்பரிற் கிளிநொச்சி நகரும் இராணுவத்தின் வசமாக, நகர மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். கிளிநொச்சி மருத்துவமனையும் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது.

இதற்கு அடுத்த மாதத்திலே, 1996 ஒக்டோபரில், இலங்கைப் பாராளுமன்றத்தின் 28 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென இந்நாட்டில் எழுந்த முதற் பொதுச் சட்டம் இதுவேயாகும். இதன் 23 ஆம் பிரிவு, வலுவிழப்பைக் காரணமாகக் கொண்டு தொழிலிற் சேர்ப்பதிலோ கல்வி நிறுவனமொன்றில் அனுமதிப்பதிலோ எவருக்கும் பாகுபாடு காட்டலாகாது என விதிக்கின்றது. பொதுமக்கள் செல்லும் கட்டடங்களிலும் இடங்களிலும் அவருக்குத் தடை விதிக்கலாகாது என்றும் கூறுகின்றது. மாற்றுவலுவுடைய மாணவரின் உரிமைக்கோரிக்கைக்கு இந்நாட்டுச் சட்டத்தில் அமைந்த ஆதாரத் தூண் இப்பிரிவே. ஆயின் அச்சட்டம் பிறந்த மாதத்தில் வன்னியின் பிள்ளைகளுக்கு அனுமதி மறுப்பதற்கே கல்வி நிறுவனக் கட்டடம் இருக்கவில்லை. தரப்பாள் விரிப்பின் கீழ் நடந்த வகுப்புக்கு வாயிலேது, படியேது? கொழும்பில் அச்சான உரிமை, ஓமந்தைக்கு வடக்கே வந்து சேர்வதற்கு வழியில்லாதிருந்தது. சட்டமும் மக்களும் ஒரே நாட்டில் இருந்தும் சந்தித்துக்கொள்ளாத இந்நிலை வன்னி வரலாற்றின் சிறப்பியல்பாகும்.

இந்நிகழ்வு மீண்டும் ஒருமுறை நேர்ந்தமை குறிப்பிடற்பாலது. 2002 இன் போர்நிறுத்தத்தின்பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2003 இல் வலுவிழப்புப் பற்றிய தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. பொதுக்கட்டடங்களிற் சாய்தளம், அகன்ற வாயில், ஏற்ற மலசலகூடம் முதலியவற்றைக் கட்டாயமாக்கும் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. அதற்கு இரண்டு மாதங்களின் முன்னரே, 2006 ஓகஸ்டில், முகமாலையில் வழி மீண்டும் மூடப்பட்டுவிட்டது. வர்த்தமானி வெளிவந்தது, வன்னியோ மற்றொரு போரினுள் புகுந்துகொண்டிருந்தது.

இக்காலப்பகுதியில் வன்னியினுள்ளே எழுந்த முயற்சிகளும் பதிவுசெய்யப்படவேண்டியவை. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த அப்பகுதியில், பார்வை, செவிப்புலக் குறைபாடுடைய பிள்ளைகளுக்காக வள்ளிபுனத்தில் இனியவாழ்வு இல்லம் இயங்கியது. கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் கண்ணிவெடிகளாலும் எறிகணைகளாலும் கால்களை இழந்தோருக்குச் செயற்கைக் கால்களை ஆக்கியளித்தது. கல்வியை இடைநிறுத்தி ஆயுதமேந்தி உறுப்பிழந்தோர் மீண்டும் கற்பதற்கு நவம் அறிவுக்கூடம் அமைந்தது. வன்னிக்கு வெளியே, யாழ்ப்பாணத்தில் 1987 இல் தோன்றிய ஜெய்ப்பூர் நிலையமும், 1988 இற் சுன்னாகத்தில் அன்னலட்சுமி சின்னத்தம்பி அம்மையார் பார்வையற்றோருக்காக நிறுவிய வாழ்வகமும் போரின் நடுவே பணியாற்றின. வாழ்வகத்தில் வளர்ந்து பல்கலைக்கழகம் புகுந்தோரும் உளர். இவற்றின் அரசியற் பின்புலங்களும் நிருவாக முறைகளும் வேறுபட்டன. ஆயின், செயற்கைக் காலும் புள்ளியெழுத்தும் உள்ளூரிலேயே கிடைக்கவேண்டும் என்னும் ஒரு தேவையே இவையனைத்தையும் ஈன்றது.

இவ்விடத்தில் வன்னியின் அனுபவத்துக்கேயுரிய ஒரு மாற்றம் கருதத்தக்கது. முற்காலத்தில் ஊனமென்பது பெரும்பாலும் பிறவியோடு வந்தது, அல்லது குழந்தைப் பருவ நோயின் விளைவு. அப்பிள்ளை பள்ளியை அறியாமலே வளர்ந்தது. தான் இழந்ததை எடுத்துரைப்பதற்கும் அதற்குச் சொல் கிடைக்கவில்லை. போர் உருவாக்கிய மாற்றுவலுவுடைய மாணவரின் நிலை இதனின் வேறானது. நேற்றுவரை வகுப்பில் முதல் வாங்கில் அமர்ந்திருந்த மாணவி இன்று ஒரு காலை இழந்தாள், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த மாணவன் கண்பார்வையை இழந்தான். தாம் எதனை இழந்தோம் என்பதை இவர்கள் நன்கறிவர். அவர்கள் பெயர்கள் வரவுப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தன. அப்பெயர்களை அழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியரும் அயலாரும் ஊழ்வினை என்று கூறி அமைதியடைய இயலவில்லை. நேர்ந்தது மனிதரால் நேர்ந்தது என்பதைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். இரக்கத்தை வேண்டிநின்ற குரல் உரிமையைக் கோரும் குரலாக மாறியதற்கு வன்னியில் இதுவே முதற் காரணம் எனக் கொள்ளலாம்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறின. 2009 சனவரியில் நகரம் வீழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிவுற்றது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். முகாமினுள்ளேயே வகுப்புகள் நடந்தன. உயர்தரப் பரீட்சையும் எழுதப்பட்டது. உடலினுள் எறிகணைச் சிதறல்களைத் தாங்கியவாறே பரீட்சை மண்டபத்தில் அமர்ந்த மாணவரும் அவர்களுள் இருந்தனர். வெளித்தோற்றத்திற் குறையேதும் காணப்படாத இத்தகையோர் நீண்டநேரம் அமர இயலாமலும், தலைவலியாலும் மறதியாலும் வருந்தியும் படிக்கவேண்டியிருந்தது. கையிழப்பையும் காலிழப்பையும் மட்டுமே ஊனமெனக் கணக்கிட்ட பழைய நோக்கு இவர்களைக் காணத் தவறியது. மெனிக்பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அவ்வாண்டின் தேசியக் குடித்தொகை மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருள் 8.7 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் இயலாமையுடையோர் எனக் காட்டியது. இது நாடளாவிய விகிதம். போரின் இறுதிக்களமாயிருந்த நிலத்திற்கு இத்தொகையை விடச் சொல்லப்படாத கதைகள் பல.

மீள்குடியேற்றத்தின் பின்னர் எழுந்த அமைப்புகளின் இயல்பு முன்னையவற்றினின்றும் வேறுபட்டது. கிளரீசியன் துறவியரின் முயற்சியால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வரோட் என வழங்கும் வன்னி மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு அமைப்புப் பணியாற்றலாயிற்று. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 2004 இல் ஆறு. திருமுருகன் தொடக்கிய சிவபூமிப் பாடசாலை அறிவாற்றல் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பின்னர் கிளிநொச்சியிலும் அப்பணி விரிந்தது. மாங்குளத்தில் உருவாகிய உயிரிழை அமைப்பு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்பின் கீழ் இயக்கமிழந்தோர் தாமே ஒன்றுகூடித் தமக்காக நடத்தும் அமைப்பு அது. பிறர் அமைத்த இல்லத்தில் தங்கியிருந்த நிலையிலிருந்து, தாமே அமைப்பின் நிருவாகிகளாகித் தம் தேவைகளைத் தாமே எடுத்துரைக்கும் நிலைக்கு மாற்றுவலுவுடையோர் வந்தமையை இது காட்டுகின்றது. ஆண்டுதோறும் திசெம்பர் 3 ஆம் நாளன்று கொண்டாடப்படும் மாற்றுவலுவுடையோர் தினமும் பரிசளிப்பையும் விருந்தையும் கடந்து கோரிக்கைகளை முன்வைக்கும் நாளாக வளர்வது இப்போக்கின் இயல்பான விளைவாகும்.

மொழி வழக்கின் மாற்றமும் இதனையே உணர்த்துகின்றது. முன்னர் அங்கவீனர் என்றனர். பின்னர் வலது குறைந்தோர், வலுவிழந்தோர் என்றனர். இப்போது மாற்றுவலுவுள்ளோர் என்றும் மாற்றுத்திறனாளிகள் என்றும் வழங்குகின்றனர். முதற் சொல் உடலின் சிதைவை மட்டும் கண்டது. இடைக்காலச் சொற்கள் குறைவைக் கண்டன. இன்றைய சொல் வேறொரு வலு உண்டெனக் காண்கின்றது. ஆயினும், பெயர்மாற்றத்தோடு கடமை தீர்ந்துவிட்டதென எண்ணுவது பேதைமை. அழகிய பெயரால் அழைத்துவிட்டுப் படிக்கட்டின் கீழே நிறுத்திவைப்பதில் உரிமை யாதுமில்லை.

போரின் பின்னர் சட்டநிலையும் வலுப்பெற்றது. 2011 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், புதிதாகக் கட்டப்படும் பொதுக்கட்டடங்கள் அணுகுவசதி ஒழுங்குவிதிகளுக்கு இணங்க அமையவேண்டுமென ஆணையிட்டது. சக்கர நாற்காலியிலிருந்து இவ்வழக்கைத் தொடுத்து வாதிட்டவர் கலாநிதி அஜித் பெரேரா ஆவார். ஐக்கிய நாடுகள் தாபனத்தின் மாற்றுவலுவுடையோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தில் 2007 இல் ஒப்பமிட்டிருந்த இலங்கை, அதனை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. அச்சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை உட்படுத்தற் கல்வியைச் சலுகையாகவன்றி உரிமையாகக் கூறுகின்றது. 2011 இன் தீர்ப்பு வன்னிக்குத் தனிப்பட்ட பொருளுடையது. ஏனைய மாவட்டங்களிற் பழைய கட்டடங்களை இடித்துத் திருத்தும் செலவு ஒரு சாட்டாகக் கூறப்படலாம். வன்னியிலோ கூரையும் சுவருமின்றி அழிந்த பாடசாலைகள் அத்திவாரத்திலிருந்து புதிதாக எழுந்தன. எல்லாவற்றையும் இழந்த நிலத்திற்கு எல்லாவற்றையும் செம்மையாகக் கட்டும் வாய்ப்பொன்று மட்டும் எஞ்சியிருந்தது. சாய்தளம் வாயிலில் அமைந்தாற் போதாது. நூலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் மலசலகூடத்துக்கும் அது செல்லவேண்டும். மலசலகூடத்தைப் பயன்படுத்த இயலாத மாணவி பாடசாலை நேரம் முழுவதும் நீரருந்தாது இருந்துவிட்டு, நாளடைவில் பாடசாலையையே விட்டுவிடுவாள். பதிவேட்டில் அவள் தானாக இடைவிலகியவள் எனக் குறிக்கப்படுவாள்.

கட்டடத்தைக் கடந்தால் வகுப்பறை வருகின்றது. ஒவ்வொரு பிள்ளையின் தேவையும் வெவ்வேறு. பார்வையற்ற மாணவனுக்குப் பிரெயிற் பாடநூல் ஏனையோருக்குப் பாடநூல் கிடைக்கும் அதே நாளிற் கிடைக்கவேண்டும்; ஒரு தவணை பிந்திக் கிடைக்கும் நூல் நூலாகாது. செவிப்புலனற்ற மாணவிக்குச் சைகைமொழி அறிந்த ஆசிரியர் வேண்டும். குறைபார்வையுடைய பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் முன்வரிசை இருக்கையுமே போதுமாகலாம். கையிழந்தவருக்குப் பரீட்சையில் எழுதுவோரும் மேலதிக நேரமும் வேண்டும். பரீட்சைத் திணைக்களம் இவற்றுக்கு இடமளிக்கின்றதெனினும், உரிய காலத்தில் விண்ணப்பிக்கவேண்டும் என்பதை அறியாத பெற்றோருக்கு அவ்விடம் இருந்தும் இல்லாததே. ஆகவே, அதிபரும் ஆசிரியரும் விதிகளை அறிந்திருத்தலும் பெற்றோருக்கு அறிவித்தலும் கற்பித்தலுக்கு இணையான கடமைகளாகின்றன.

விசேட பாடசாலைகளை மூடிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பொது வகுப்பில் அமர்த்துவதே முற்போக்கு எனச் சிலர் கருதுவர். 1994 இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட பிரகடனம் பொதுப் பாடசாலையையே முதன்மைப்படுத்தியது என்பது உண்மையே. ஆயினும், செவிப்புலனற்றோரின் வரலாறு வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. 1880 இல் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, பேச்சுமுறையே சிறந்ததெனக் கூறிச் சைகைமொழியைப் பள்ளிகளிலிருந்து அகற்றத் தீர்மானித்தது. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட அத்தீர்மானம் பல தலைமுறைகளின் மொழியைப் பறித்தது. 2010 இல் வான்கூவரிற் கூடிய மாநாடே அதற்கு வருத்தம் தெரிவித்தது. சைகைமொழி அறிந்தோர் எவருமில்லாத பொது வகுப்பில் அமர்த்தப்படும் பிள்ளை, கூட்டத்தின் நடுவே தனித்திருக்கும். எனவே கைதடி போன்ற நிலையங்களின் அனுபவமும் ஊர்ப் பாடசாலையின் அண்மையும் ஒன்றையொன்று நிரப்பவேண்டுமேயன்றி, ஒன்றையொன்று ஒழிக்கலாகாது. எது தக்கது என்னும் வினாவுக்கு விடைகூறும் உரிமை முதற்கண் அப்பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் உரியது.

உயர்கல்வியிலும் இதே வினா எழுகின்றது. பல்கலைக்கழக அனுமதியில் மாற்றுவலுவுடையோருக்கு விசேட ஏற்பாடு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் அமைந்துள்ளன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகங்களே வன்னிக்கு வந்துவிட்ட பின்னர், வன்னியின் மாற்றுவலுவுடைய மாணவர் அவற்றினுள் எத்துறையையும் தெரிவுசெய்யும் நிலை வேண்டும். அவர்களைக் கலைப்பிரிவின் சில பாடங்களுக்குள் மட்டும் ஒதுக்கிவிடுவது மற்றொரு வகைத் தூரமாகும். உடன்பயிலும் மாணவர் நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து உதவுதல் பாராட்டத்தக்கது. எனினும், ஒருவரின் பட்டம் நண்பரின் ஓய்வுநேரத்தில் தங்கியிருத்தல் முறையன்று. அது நிறுவனத்தின் பொறுப்பாக அமையவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வன்னியின் மாற்றுவலுவுடைய பிள்ளைக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட தூரம் 1912 இல் முந்நூறு கிலோமீற்றராயிருந்து, 1956 இல் அறுபதாகி, போரினால் மீண்டும் கடக்கவியலாததாகிப் பின்னர் ஊரளவுக்குச் சுருங்கிவந்தமை தெளிவாகும். அதனைச் சுருக்கியதிற் சமயத் தொண்டருக்கும் ஆசிரியருக்கும் சட்டவாக்கத்துக்கும் பங்குண்டு. ஆயின், சட்டம் வன்னியை வந்தடைய இயலாதிருந்த ஆண்டுகளிற் கல்வியின் மீதான பிடியை விடாதிருந்தோர் அப்பிள்ளைகளும் அவர்தம் பெற்றோருமே. எஞ்சியிருப்பது ஊர்ப் பாடசாலையின் படலையிலிருந்து வகுப்பறையின் வாங்கு வரையுள்ள சில அடி தூரமே. முந்நூறு கிலோமீற்றரைக் கடக்க ஒரு புகையிரதம் போதுமாயிருந்தது. இச்சில அடிகளைக் கடப்பதற்கோ சாய்தளமும் நூலும் பயிற்சிபெற்ற ஆசிரியரும், பிள்ளையை வகுப்புக்குரியவராகக் கொள்ளும் மனமும் வேண்டும். ஆபுத்திரன் காலத்துச் சமூகம் உடற்குறையுடையோரின் பசியை அறிந்திருந்தது. அவர்தம் கல்விப்பசியையும் அறிந்து, அதனை ஈகையாலன்றி உரிமையால் நிறைவிப்பதே இக்காலச் சமூகத்தின் கடனாகும்.